ஒரே வரியில் நாலு அம்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வருவதை மேசையில் விரித்து, ஓட்டையோ கறையோ தையல் பிசகோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். என்ன குறை என்று எழுத வேண்டியதில்லை. அம்பு காட்டும் இடத்தைப் பார்த்தால் தைத்தவருக்கே தெரிந்துவிடும். டெய்லர்கள் என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டீ டைமில் நான் கதை கிறுக்குவதை ஓவர்லாக் டெய்லர் ஒருவர் கவனித்திருக்கிறார். பெருமாநல்லூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர். ஒருநாள் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, நாங்க நாலு பேரு ஞாயித்துக்கெழம கூடி எங்க கதைகள நாங்களே அலசறமுங்க. நீங்களும் வாங்க. கார்பன் வெச்சு எழுதி, ஆளுக்கொரு படி முன்னாடியே குடுத்துருங்க" என்றார்.

கூட்டம் நடந்தது பனியன் வேஸ்ட் வாங்கி விற்கும் ஒரு பாயின் குடோனில். துணி மூட்டைகள்தான் நாற்காலி. பாய், டெய்லர், சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், உடுமலைப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வரும் டீச்சரம்மா, அவ்வளவுதான் சபை. சாயப்பட்டறைக்காரருக்கு நகமெல்லாம் நீலம். இவர்கள் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? பாராட்டை வாங்கிக்கொண்டு போகத்தான் நான் வந்திருந்தேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது, வேறொருவர் படிப்பார். முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. பாய் என் தாள்களை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

திருப்பூருக்குப் பிழைக்க வந்த ஒருத்தியின் கதை அது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தெற்கே சொந்த ஊரில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷம் ஒருதரம் போய்ப் பார்க்கிறாள். பாய் படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் எழுதிய வாக்கியங்கள்தான், ஆனால் யாரோ என்னைவிடப் பெரிய ஆள் எழுதியது மாதிரிக் கேட்டது. அவள் பஸ் ஸ்டாண்டில் பால் கட்டிய மாரோடு நிற்கும் இடத்தில் டீச்சரம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். சாயப்பட்டறைக்காரர் பற்றவைத்த பீடியை இழுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். காகிதத்தில் இருந்த ஒருத்திக்காக இத்தனை பேர் மூச்சடக்கி இருக்கிறார்களே என்று மலைத்துப் போனேன். அப்படி ஒன்றை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

படித்து முடித்ததும் நாலு பேரும் தங்கள் படிகளை என்னிடம் நீட்டினார்கள். பிரித்தால், உள்ளே சிவப்பு அம்புகள். எங்கள் செக்கிங் மேசையில் இருக்கும் அதே ஸ்டிக்கர். டெய்லர் எல்லாருக்கும் கொடுத்து வைத்திருக்கிறார். அவரவர் வீட்டில் தனியாகப் படித்து, இடறும் இடத்தில் ஒட்ட வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. இதுவும் அந்தச் சபையின் வழக்கம்.

நானே சந்தேகப்பட்ட இடங்களில் ஒரு அம்பும் இல்லை. மற்றபடி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. ஆனால் கடைசிப் பக்கத்தில், நாலு படியிலும் ஒரே வரியில் அம்பு: "குழந்தை 'அம்மா' என்று ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதுல என்ன குத்தத்தக் கண்டிய? பிள்ள தாயிட்ட ஓடி வராதா?" என்று கேட்டுவிட்டேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "வருமுங்க. ஏனோ அந்த எடத்துல எனக்கு ஒட்டோணும்னு தோணுச்சுங்க. மத்தது உங்க வேலைங்க."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் அந்த ஒரு வரிதான் பொய். மற்றதெல்லாம் என் வாழ்க்கை.

என் மகள் என்னிடம் ஓடி வரவில்லை. மதினியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அண்ணன் பிள்ளைகள் என்னை எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே அவளும், "அத்தை வந்திருக்காவ" என்றாள். இதை என் புருஷனிடம்கூட நான் சொல்லி அழுததில்லை. ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளாத நாலு பேர், நாலு ஊரில் உட்கார்ந்து, அதைத் தொட்டுவிட்டார்கள். கோபம் இறங்கியதும் பயமாக இருந்தது. இப்படியும் மனிதர்கள் படிப்பார்களா? படிப்பு என்றால் இதுவா? கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

அந்த வாரம் முழுக்க அந்த வரியோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறும் பாய்தான் படித்தார். "அத்தை வந்திருக்காவ" என்ற இடத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. மிச்சத்தை டெய்லர் வாங்கிப் படித்து முடித்தார். தாள்களில் அந்த இடத்தில் ஒரு அம்பும் இல்லை. யாரும் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. எழுதியவரின் சொந்தக் கதையை விசாரிக்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம்தான். டீச்சரம்மா அதை மீறினார்.

"அந்தப் புள்ள இப்ப எங்க இருக்குது, கண்ணு?"

"ஊர்லதான் இருக்கா டீச்சர்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்குத்தான் வழியெல்லாம் அந்தப் பதிலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் புருஷனிடம், "பிள்ளையக் கூட்டிட்டு வந்துருவோம். நீங்க நைட் ஷிப்டுக்கு மாத்திக் கேளுங்க, ஆள் மாத்தி ஆள் பாத்துக்கலாம்" என்றேன். ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சரி என்றார்.

ஊருக்குப் போய்க் கூப்பிட்டபோது மதினியின் கழுத்தை விட மாட்டேன் என்று மகள் கதறியதையும், மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் நான் இன்றுவரை கதையாக எழுதவில்லை. பஸ்ஸில் அழுது ஓய்ந்து என் மடியில் தூங்கிப்போனாள். பாதி வழியில் விழித்து, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அத்தை, எங்க போறோம்?"

"நம்ம வீட்டுக்கு" என்றேன். திருத்தவில்லை. திருப்பூர் வந்து சேரும்வரை அத்தையாகவே அவளை மடியில் வைத்திருந்தேன்.