நேர்கோடு வளைத்த குழாய்கள்

குழாயெல்லாம் பலம் குறைந்துபோய்விட்டதாம், வளைத்தவன் கை சரியில்லையாம். கிரேன் ஓட்டுபவர் சொன்னதாக வெல்டர் வந்து சொன்னபோது கான்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வளைத்தவர் என் அத்தான், அக்கா புருஷன். தடித்த எஃகுத் தகட்டைக் குழாயாக வளைக்கும் பெரிய பிரஸ் அவர் பொறுப்பு.

ஆலையில் அவருக்கு நேர்கோடு என்று பெயர். வாசலில் செருப்பு வரிசை கலைந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தால், பேச்சை நிறுத்தாமலே எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்து உட்காருவார். "என் வகிடு கோணலா இருந்தாக்கூட உங்க அத்தானுக்குத் தூக்கம் வராதுடா" என்பாள் அக்கா. அப்படிப்பட்டவர் காலமெல்லாம் இரும்பை வளைத்துப் பிழைக்கிறார்.

பிழைப்பு என்றால் சம்பளம் மட்டுமில்லை. வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் கூடவே போகும். மகள் பள்ளியில் கடைசி வகுப்பு.

நிறுத்திவைத்திருந்த பிரஸ் பக்கத்தில் அத்தான் நின்றிருந்தார்.

"கேள்விப்பட்டேன் அத்தான்."

"நீயுமா மாப்ளே? இனிமே கேட் நாய்க்குத்தான் சொல்லணும்."

"அக்காவுக்கு?"

"மூச்சு விடாதே. அவ அழுதா நான் உக்காந்துருவேன். லேப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க, துணைக்கு வா."

அந்த மாதம்தான் புதுவகைத் தகடு வந்திருந்தது. முடிந்த குழாயிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதன் வளைவை நிமிர்த்தி, இயந்திரத்தில் இழுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பாரத்தில் இணங்கி நீள ஆரம்பிக்கிறதோ அதுதான் குழாயின் பலம் என்று கணக்கு. இந்த முறை வெட்டிய துண்டுகளெல்லாம் சீக்கிரமே இணங்கிவிட்டன.

லேப் இன்ஜினியரம்மா மைக்ரோஸ்கோப் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் நெருக்கமான மணிகள், நடுவே பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

"பழைய தகட்டுல இந்தப் புள்ளி கிடையாதுங்க. இதெல்லாம் கெட்டியான தீவுங்க. வளைக்கும்போது சுத்தி மெத்துன்னு இருக்கிற இரும்பு நகரும், தீவு நகராம முறைச்சுக்கிட்டு நிக்கும். உள்ளுக்குள்ள ஒரு இழுபறி தங்கிடும். திருப்பி நிமிர்த்தினா அந்த இழுபறியே தள்ளிவிட்டுரும், இரும்பு லேசா இணங்கிடும். குழாய் நல்லாத்தான் இருக்கணும், நிமிர்த்தின துண்டுதான் ஏமாத்துதுன்னு எனக்குச் சந்தேகம். ஆனா ஒரு தடவை நிமிர்த்தினதுக்கு இவ்வளவு குறையாதே. யாரு நிமிர்த்தினது?"

அத்தான் தரையைப் பார்த்தார்.

"உங்க லேப் பிரஸ் ரிப்பேருன்னு சொன்னாங்க. என்னோடதுல நான்தான் பண்ணிக் கொடுத்தேன்."

"எப்படிப் பண்ணீங்க?"

"அழுத்தினேன். ஓரம் கொஞ்சம் தூக்குச்சு. திருப்பிப் போட்டு அழுத்தினேன். அந்தப் பக்கம் தூக்குச்சு..."

"எத்தனை தடவைங்க?"

"நேராகுற வரைக்கும்."

இன்ஜினியரம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "அவ்வளவு நேரா வேணும்னு நான் கேட்டேனா?"

"கேக்கலைம்மா. அதுக்காக கோணலா எப்படிக் கொடுக்கிறது?"

பழைய தகட்டிலும் இப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறார். பெரிதாக ஒன்றும் குறையவில்லை. தீவுகள் உள்ள எஃகு அவருடைய ஒழுங்கைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு குழாயை அனுப்ப முடியாது. அதே குழாய்களின் சுவரிலிருந்து, நிமிர்த்தாமலே உருண்டைக் கம்பிகளாகக் கடைந்தெடுத்தார்கள். இயந்திரத்தில் முதல் கம்பியை மாட்டியபோது அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ பாரு மாப்ளே, என்னால ஆகாது." திரையில் கோடு ஏறியது. இருக்கவேண்டிய அளவைத் தொட்டது. தாண்டியும் வளையாமல் ஏறிக்கொண்டே போனது. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அடுத்தடுத்த கம்பிகளும் அப்படியே. ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பி வெடிக்கும்வரை அழுத்தம் கொடுத்தும் பார்த்தார்கள். வேண்டியதற்கு வெகு மேலே போய்த்தான் வெடித்தது.

"பிரஸ்ஸை ஓட்டுங்க" என்றார் மேனேஜர். "வளைக்கிறதோட நிறுத்திக்கங்க. நிமிர்த்துறதை அவங்க பாத்துப்பாங்க."

வெளியே வந்ததும் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். அக்காவுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலியே."

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. "வெல்டர் பொண்டாட்டி காலையிலேயே சொல்லிட்டாங்களாம் அத்தான். அக்கா எனக்குப் போன் பண்ணினா."

"அழுதாளா?"

"இல்ல. திட்டினா. 'என்கிட்டயே மறைச்சிட்டாருல்ல, வீட்டுக்கு வரட்டும்'னா."

அத்தான் முகம் மலர்ந்தது. "திட்டினாளா? அப்பச் சரி. வேலை இருக்குன்னு ஒரு வார்த்தை காதுல போட்டுட்டா, அப்புறம் விடிய விடியத் திட்டட்டும்."

மறுபடி அழுத்தி, நானும் கேட்கட்டும் என்று போனை எங்கள் இருவருக்கும் நடுவே பிடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.