சைனஸுக்கு எடுத்த படம்

என் மகளுக்கு நான்கு வயதில் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. தாராவியில் எங்கள் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் டாக்டர்களாகிவிட்டார்கள். ஆவி பிடித்தாயிற்று, மிளகு ரசம் கொடுத்தாயிற்று, மருந்தும் மாற்றி மாற்றிக் கொடுத்தாயிற்று. பிள்ளை பக்கத்தில் வந்தாலே ஒரு நாற்றம். பால்வாடியில் தன்னோடு யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"பிள்ளைக்கு சைனஸ்தான். எக்ஸ்ரே எடுக்காம மருந்து குடுத்தா எப்படிட்டி கேக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டு மதினி. எங்கள் சந்தில் எக்ஸ்ரே எடுக்காத நோய் நோயே இல்லை. எடுத்ததை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வீடு வீடாகப் பார்ப்போம். யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆனாலும் "அய்யோ" என்று சொல்லாமல் யாரும் திருப்பித் தந்ததில்லை.

வீட்டில் வேறு சண்டை. மாடியில் என் கணவர் நடத்தும் தையல் பட்டறைத் தூசிதான் காரணம் என்றேன் நான். "உன் ஃப்ரிட்ஜ் தண்ணிதாம்ட்டி காரணம்" என்றார் அவர்.

பக்கத்தில் சயானில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எழுதித் தரும்படி இந்தியில் அடம்பிடித்தேன். இந்த வயதில் சைனஸே முழுதாக வளர்ந்திருக்காது, சாதாரணச் சளிக்கும் படம் மங்கலாகத்தான் தெரியும், வீண் வேலை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அவர் பிள்ளையின் முகத்தருகே குனிந்து, ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுகுகிறதா என்று கேட்டார். யோசித்தேன். வலது பக்கம் மட்டும்தான். தினமும் துடைத்தவள் நான், எனக்கு அது தோன்றவே இல்லை. உடனே எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். பிள்ளையை அலங்கரிக்காமல் வெளியே கூட்டிப் போக எனக்குத் தெரியாது. ஜிமிக்கி, கிளிப், பாசிமாலை, தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார் எக்ஸ்ரே எடுப்பவர். என் கைப்பை நிறைந்தது. படம் வந்ததும், இன்னும் எதைக் கழற்றாமல் விட்டீர்கள் என்று முறைத்தார். மூக்குக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப் போனது. "ஏட்டி, இது நம்ம பிரஸ் பட்டன்லா!"

படத்தோடு டாக்டரிடம் ஓடினோம். ஒரு பக்கம் மட்டும் ஒழுகியதால் அவர் சந்தேகப்பட்டதும் இப்படி ஏதோ ஒன்றைத்தானாம். வளைந்த ஒரு கம்பியை விட்டு இழுத்தார், பட்டன் வந்து விழுந்தது. சைனஸும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது, கூடவே வாயும் வந்தது. "பிள்ளை நடமாடுத இடத்துல பட்டனச் சிந்திப் போடுதியளே, உங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று ரோடு முழுக்க அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் தலை குனிந்தபடியே வந்தார். பிறகு பிள்ளையிடம் திரும்பினேன்.

"எதுக்குட்டி அத மூக்குக்குள்ள போட்ட?"

"நீதானம்மா சொன்ன, பட்டன வாயில போடக் கூடாதுன்னு."

பஸ் ஸ்டாப் வரைக்கும் என் கணவர் சிரித்த சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.