சாவு இல்லாத ரெஜிமென்ட் வரலாறு

திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி சாலையில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறிவிட்டது. பையில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, இருபது பக்கத்தில் ஒரு புத்தகம். கல்யாணப் பந்தியில் உட்காராமல் வந்ததில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. கேப்டனை விட்டு வந்ததில் எதுவும் இல்லை.

கேப்டன் என்பது சுபேதாராக இருந்தவருக்கு ஓய்வு பெறும் சமயத்தில் கௌரவத்துக்குக் கொடுத்த பட்டம். திருவையாற்றுப் பக்கம் தன் வீட்டு வாசலில் அதைப் பித்தளையில் பொறித்து மாட்டியிருந்தார். அவர் இருந்த ஏவுகணை ரெஜிமென்டில் நான் நாலு வருஷம் சப்பாத்தி போட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கான்ட்ராக்டர் இறக்கிவிட்ட இடத்தில் அடுப்பு மூட்டினேன்.

அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு மற்றவர்கள் எவர்சில்வர் கிண்ணம் கொடுப்பார்கள். இவர் திருக்கடையூரில் நடக்கவிருந்த தன் கல்யாணத்தில், தாம்பூலப் பையில் ரெஜிமென்டின் வரலாற்றை வைத்துக் கொடுக்க ஆசைப்பட்டார். தஞ்சாவூரில் ஒரு கல்யாணச் சமையலில் என்னைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீதான்டா எழுதணும். அங்க இருந்தவன் இந்தப் பக்கம் வேற எவன் இருக்கான்?"

பத்து நாள் சோறு கிடைத்தது. எழுதினேன். முதலில் அது பீரங்கி ரெஜிமென்ட். பிறகு பீரங்கிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பெரிய பெரிய லாரிகளில் ஏவுகணைகளைக் கொடுத்தார்கள். அதன்பின் நான் பார்த்தவரை அந்த ரெஜிமென்ட் லாரி கழுவியது. பெரிய அதிகாரி வரும்போதெல்லாம் பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது. நாலு வருஷத்தில் ஒரே ஒரு ஏவுகணை, அதுவும் பயிற்சிக்காகக் கிளம்பியது. சூடான டீயை ஊதி ஒரு வாய் குடிப்பதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. கேப்டன் வாயில் இதெல்லாம் 'இடியென முழங்கிய வீரம்' ஆயிற்று. அப்படியே எழுதினேன். சோறு அவருடையது.

அங்கே என் கண்ணெதிரே ஒருவன் செத்தான். பாலைவனத்தில் பயிற்சி. மறுநாள் அதிகாரி வருகிறார் என்று, மணலில் புதைந்த லாரியை உடனே கிளப்பச் சொல்லி இதே சுபேதார் கத்தினார். டிரைவர் தரங்கம்பாடிப் பக்கத்து ஆள். அடியில் படுத்துப் பலகை சொருகிக்கொண்டிருந்தான். ஜாக்கி சரிந்தது. காகிதத்தில் 'சொந்தக் கவனக்குறைவு' என்று எழுதி முடித்தார்கள். ஊருக்கு வந்து சேர்வதற்குள் அது, குடித்துவிட்டு லாரிக்கடியில் தூங்கினான் என்று ஆகிவிட்டது. மனைவி போனில் போட்ட சண்டையால்தான் குடித்தான் என்று மாமியார் வீட்டார் இன்றுவரை அவளை ஏசுகிறார்கள்.

புத்தகம் வருவதைக் கேள்விப்பட்டு அவள் திருவையாற்றுக்கு வந்தாள். அவள் ஊரில் பலரைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டவர் கேப்டன்தான். அவர்களையெல்லாம் விசேஷத்துக்கு அழைத்திருந்தார்.

"வேலை செய்யும்போதுதான் செத்தாருன்னு ஒரு வரி அச்சுல வந்தா போதுங்க. எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் அதைப் படிப்பாங்க."

"போட்டுடறேம்மா. அழாம போ" என்றார் கேப்டன்.

நான் அந்த வரியை எழுதித்தான் கொடுத்தேன். அன்று காலை திருக்கடையூரில் புத்தகக் கட்டைப் பிரித்தபோது அது அச்சில் இல்லை. கேப்டன் கழுத்தில் மாலையோடு, கோயிலில் அறுபதாம் கல்யாண ஜோடிகளின் வரிசையில் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

"அந்த டிரைவர் வரி எங்கேங்க?"

"எடுக்கச் சொல்லிட்டேன். மஞ்சள், வெத்தலையோட ஒரே பையில எழவுச் சேதியையும் வச்சுக் கொடுக்கச் சொல்றியா? மங்கள காரியம்டா இது."

"பட்டாளத்து வரலாறுங்க. அதுல ஒருத்தன் கூடவா சாகக் கூடாது?"

"சப்பாத்தி சுட்ட பய எனக்கு ரெஜிமென்ட் ரூல்ஸ் சொல்றான் பாரு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எமனையே உதைத்த சாமியின் சன்னதியில் நின்றுகொண்டு, என்றோ செத்த டிரைவருக்குப் பயப்படுகிற கேப்டன். சகுனம் என்றார். கிளப்பச் சொல்லிக் கத்தியது யார் என்று எவனாவது கேட்டுவிடுவானோ என்பதுதான் அவர் பயம் என்று எனக்குத் தோன்றியது.

கல்யாண மண்டபத்தில் தாம்பூலப் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அந்த வரியைப் பேனாவால் எழுதினேன். ஏழாவதை எழுதும்போது கேப்டன் பார்த்துவிட்டார். ஆறைக் கிழித்தார். ஏழாவது என் கையில் இருந்தது. "வெளிய போடா நாயே" என்றார். பட்டாளத்தில் இதைவிட நல்ல வசவுகள் கேட்டிருக்கிறேன்.

அவள் ஊருக்குச் சாலையிலிருந்து வாய்க்காலோரமாக உள்ளே போக வேண்டும். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அவள் வயலிலிருந்து வரப்பில் ஏறி வந்து, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"இது பேனாவுல எழுதினதுல்ல?"

"ஆமாம்மா. அச்சுல எடுத்துட்டாரு."

"நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லுவாங்கண்ணே. படிக்கத் தெரிஞ்ச திமிருன்னு வேற சொல்லுவாங்க."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பத்து நாள் சோற்றுக்காக அந்தக் கிழவனின் புளுகையெல்லாம் அழகாக எழுதிக் கொடுத்தவன் நான்.

"நீங்க பாத்தீங்கல்ல?" என்று கேட்டாள்.

"பத்தடியில நின்னேன்."

"அப்ப நாளைக்கு வந்து வாயால சொல்லுங்க. நாத்து பறிக்க ஆள் தேடுறாங்க. எங்க கொழுந்தனாரும் அதுக்குத்தான் வர்றாரு."

அன்றைக்கு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் படுத்தேன். காலையில் ஆள் பிடிக்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குனிஞ்சா நிமிர முடியுமாய்யா?" என்றார். முடியும் என்றேன். நாற்றங்காலில் இறங்கினேன். கொழுந்தன் எனக்கு இரண்டு கை தள்ளிப் பறித்துக்கொண்டிருந்தான். பக்கத்து வயலில் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் இருந்தாள், நிமிரவில்லை.

"எந்த ஊருய்யா?" என்றான் கொழுந்தன்.

"ஊரெல்லாம் இல்ல. உங்க அண்ணன் ரெஜிமென்ட்ல சமையல்காரன். அவர் செத்தப்ப பக்கத்துலதான் நின்னேன்."

அவன் கை நின்றது. "குடிச்சிருந்தானா?"

"டீ போடவே தண்ணி அளந்து கொடுத்தாங்க அங்க. அவர் குடிக்கல."

"எல்லாரும் வேற மாதிரி சொன்னாங்களே."

"அவங்க யாரும் அங்க இல்ல."

நடவு வயலில் பேச்சு அடங்கியது. கையிலிருந்த நாற்றை முடியாகக் கட்டி வரப்பில் போட்டுவிட்டு, லாரி மணலில் புதைந்ததிலிருந்து அவர்களுக்கும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தேன்.