அத்தா கடை எண்ணெயும் என் தலையும்

எண்பதுகளின் கடைசியில் ஏற்காட்டில் எங்கள் அத்தா, அதாவது என் அப்பா, கூந்தல் எண்ணெய் காய்ச்சி விற்றார். தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம். அதற்கு விளம்பரப் பலகை கிடையாது. நான்தான் பலகை. ஆண்கள் கடைக்கு வந்தால் "உள்ளே போ" என்பார். எஸ்டேட் பெண்கள் வந்தால் மட்டும் "கண்ணு, இங்க வா" என்று கூப்பிட்டு, முக்காட்டுக்குக் கீழே இடுப்பைத் தாண்டித் தொங்கும் என் சடையைக் காட்டுவார். "பாருங்க, எல்லாம் நம்ம எண்ணெய்தானுங்க." பொய். அம்மா வழியில் எல்லோருக்கும் அந்த நீளம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பதினேழு வயதில் என் தலையில் மஞ்சளாக, பிசுபிசுவென்று செதில் கட்டியது. புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் பரவியது. அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. சொறிந்து சொறிந்து நகக்கண்ணெல்லாம் ரத்தம். "சூடு. எண்ணெய் பத்தலை" என்று அத்தா இன்னும் ஊற்றினார். குளிர் ஊர், சளி பிடிக்கும் என்று வாரத்துக்கு ஒருமுறைதான் தலைக்குக் குளியல். வழிகிற எண்ணெய், அதன்மேல் முக்காடு. செதில் பெருகாமல் என்ன செய்யும்?

அம்மா அடம்பிடித்து என்னைச் சேலத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். தோல் டாக்டர் முடியைப் பிரித்துப் பார்த்தார். "எண்ணெயை அடியோட நிறுத்தும்மா. இந்தக் கிருமிக்கு எண்ணெய்தான் தீனி" என்றார். மருந்து ஷாம்பு எழுதித் தந்தார். வாரம் இரண்டு முறை. நுரையை உடனே அலசாமல் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும்.

சில வாரங்களில் செதில் உதிர்ந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். அது அத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "எண்ணெய்க்கடைக்காரன் மவ பரட்டைத் தலையோட நின்னா யாரு வாங்குவா?" என்று என்னை உட்காரவைத்து அவரே ஊற்றித் தேய்த்தார். நான் அலச அலச அவர் ஊற்றினார். செதில் திரும்பி வந்துவிட்டது.

ஒருநாள் கிளியூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். "ஏனுங்க பாய், எம்புள்ள தலையெல்லாம் செதிலா உதிருதுங்க. அதுக்கு எண்ணெய் இருக்குதுங்களா?"

அத்தா கூச்சமே இல்லாமல் என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக்காட்டை விலக்கிவிட்டு, குனிந்து, வகிட்டைப் பிரித்துக் காட்டினேன். "இதே மாதிரிதானுங்களே? இந்த எண்ணெயாலதான் எனக்கு ஆறாம கெடக்குதுங்க. புள்ளைய டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க."

அவர் பார்த்தார். "அடப் பாவமே" என்றார். பிறகு என் சடையைக் கையில் தூக்கிப் பார்த்து, "இருந்தாலும் முடி நொம்ப நீளமுங்க" என்று சொல்லி ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார். அத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்தேன். சடை தடிமன். பாதிகூட வெட்டுப்படவில்லை. அம்மா ஓடிவந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். அறை விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் என்னைத் திருப்பி நிறுத்தி, கழுத்தோடு வைத்து, மீதியைத் தானே வெட்டினாள்.

அதற்குப் பிறகு அத்தா என்னைக் கடைக்குக் கூப்பிடவில்லை. மருந்து போட்டுத் தலை ஆறியது. ஆறியதா என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.