மூக்கா, காலா?

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்வது அவள் வேலை. சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசியதால் வீட்டில் வைத்த 'ரேடியோ' என்ற பெயர் நாற்பதைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது. பேசியே பிழைப்பாள் என்று அண்ணன் செய்த கேலி அப்படியே பலித்துவிட்டது.

பதிவறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். சுவர் முழுக்கப் பஞ்சுத் திண்டு, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேஜையோடு இறுக்கிய மைக். தெருவில் லாரிகள் அடங்கினால்தான் வேலை நடக்கும் என்பதால் எல்லாப் பதிவும் மாலையில்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் எச்சில் விழுங்குவதுகூட அவனுக்குக் கேட்கும்.

"அக்கா, கீழ ஏதோ சரசரங்குது. எலியா?"

"எலி இல்லப்பா. என் கால்."

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர ஆரம்பிக்கும். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. சோடாவைக் குலுக்கி எலும்புக்குள் ஊற்றிவிட்ட மாதிரி இருக்கும். ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி கிளம்பும். எழுந்து நடந்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் நடந்துகொண்டே படிக்கிற வேலை இல்லையே இது.

அப்போது கையில் இருந்தது ஒரு தடித்த நாவல். ஒரு பக்கம் படிப்பதற்குள் நாலு முறை நிறுத்த வேண்டியிருந்தது. மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் மிச்சத்தை வேறு குரலுக்குக் கொடுத்துவிடுவதாக நிர்வாகி மரியாதையாகவே சொல்லிவிட்டார். பாதி வரை தான் வளர்த்த கதையை இன்னொருத்தி வாயில் கேட்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அண்ணிக்கும் இதே கால் தொல்லை இருந்தது. இனிப்பை விட்டாள், அடங்கியது. அன்றிலிருந்து உலகத்துக் கால்களுக்கெல்லாம் சர்க்கரைதான் எதிரி.

"இனிப்பை நிறுத்தினியா இல்லையா?"

"நிறுத்திட்டேன் அண்ணி. கால் நிக்கல."

"அப்ப ரொட்டிய விடு. உள்ளுக்குள்ள அழற்சியாம், அதான் காலுக்கு இறங்குதாம். வீடியோவுல சொன்னாங்க."

"அதையும் விட்டாச்சு."

"பால்? முட்டை? கறி?"

"எல்லாம் போச்சு. இனிமே விடறதுக்கு மூச்சு ஒண்ணுதான் பாக்கி."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகத் தட்டில் வெள்ளரிக்காயும் வேகவைத்த உருளைக்கிழங்கும் மிஞ்சின. உடுப்பெல்லாம் தொளதொளத்தது. கால் மட்டும் முன்னைவிட உற்சாகமாக ஆடியது.

கடைசியில் மருத்துவரிடம் போனாள். மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உடம்புல இரும்புச் சேமிப்பே இல்லம்மா. அது கொறைஞ்சா இப்படித்தான் கால் ஊரும். முன்னாடியே கம்மியா இருந்திருக்கும். கறி, முட்டைய விட்டு மிச்சத்தையும் வழிச்சிட்டீங்க."

"அழற்சின்னு எங்க அண்ணி சொன்னாங்களே டாக்டர்?"

"அழற்சி இருந்தா உடம்பு இரும்பைப் பூட்டி வெச்சுக்கும். சில பேருக்கு அது காரணமா இருக்கலாம். உங்க ரத்தத்துல அதுக்கு அடையாளம் இல்ல. உங்க அண்ணிக்கு ஆகாதது உங்களுக்கும் ஆகாதுன்னு இல்ல. எல்லாத்தையும் ஒரேயடியா விட்டா, எது கால ஆட்டுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒண்ணொண்ணா திரும்பச் சாப்பிடுங்க. வேற மாத்திரை எதாவது எடுக்கறீங்களா?"

"ஒண்ணும் இல்ல. பதிவுக்கு முன்னாடி ஒரு சளி மாத்திரை, அவ்வளவுதான். மூக்கு ஒழுகாம, அடைக்காம இருக்க. எங்க வேலையில எல்லாரும் போடுவாங்க."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "தூக்கம் சொக்குமே, அந்த மாத்திரையா?"

"லேசா சொக்கும்."

"அந்த வகை சில பேருக்குக் கால நல்லாவே கிளப்பிவிடும். முதல்ல அத நிறுத்துங்க. இரும்பு மெதுவாத்தான் ஏறும்."

"மூக்கு அடைச்சா என் வேலை போயிடும் டாக்டர்."

"கால் ஆடிட்டே இருந்தா மட்டும் வேலை நிலைக்குமா?"

காலுக்குத் தீனி போட்டதே தான்தான் என்பதைப் பேருந்தில் போகும்போது நினைத்துப் பார்த்தாள். சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

மறுவாரம் மாத்திரை இல்லாமல் மைக் முன் உட்கார்ந்தாள். கால் லேசாக முனகியது, அவ்வளவுதான். மூக்கு கல்லாக அடைத்துக்கொண்டது.

"கதாநாயகிக்கு ஜலதோஷமாக்கா?" என்றான் ஒலிப்பதிவாளர்.

"மழையில நனைஞ்சுட்டா. நீ பதிவு பண்ணு."

நிர்வாகி அந்த அத்தியாயத்தை இரண்டு முறை கேட்டார். குரல் கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனால் ஆள் அதே ஆள்தான் என்று தெரிகிறது, தொடரட்டும் என்றார். ஆவி பிடித்துவிட்டு வந்தால் ஒரு அத்தியாயம் வரை மூக்கு தாங்கியது. ரொட்டி திரும்பி வந்தது, பால் வந்தது, கால் கண்டுகொள்ளவில்லை. மாலையில் காபி குடித்தால் மட்டும் காலுக்குள் ஊர்ந்தது. இனிப்பைத் தொடாத அண்ணிக்கோ காபி ஒன்றும் செய்வதில்லை. அண்ணி இதை இன்றுவரை நம்பவில்லை.

மாதக் கடைசிக்கு முன்பே கடைசிப் பக்கம் வந்துவிட்டது. முடிவு வரியில் ஒரு 'ம' அடைபட்டு 'ப' போல விழுந்தது.

"திரும்பப் படிக்கவா?"

"வேணாக்கா, மழையில நனைஞ்சவதானே, அப்படியே இருக்கட்டும்" என்று ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.