கம்பளிச் சட்டையும் முறுக்கு டின்னும்

போன மாதம் வரை என் அலமாரியின் அடித்தட்டில், பழைய புடவைகளுக்குக் கீழே, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்று இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை கதவைத் தாழிட்டுக்கொண்டு அதை எடுத்து உதறி, புது அந்துருண்டை போட்டு மடித்து வைப்பேன். மலாக்கா வெயிலில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பதினைந்து வயதில் நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டதோடு நின்றிருக்கலாம்.

அது அண்ணனுடையது. நில அளவை இலாகாவில் சங்கிலி பிடிக்கும் வேலை அவருக்கு. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார துரை, போகிறபோது அதை அண்ணனிடம் கொடுத்தார். பனிமலைகளில் தான் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அதை எங்கள் காஜா பெராங் வீட்டில் நாடகமாகவே நடித்துக் காட்டுவார். உச்சி வெயிலில் கம்பளியை மாட்டிக்கொண்டு, வேர்வை வழிய நடு வீட்டில் நிற்பார். "ஈரத்துணிய ஒடம்புல வச்சிருக்கக் கூடாது. கம்பளி ஒண்ணு, ஒரு சொட்டுகூட நனையாம பையில இருக்கணும். வெறுந்தரையில உக்காராத, எலதழைய வெட்டிப் போட்டு அது மேல உக்காரு. தலைய மூடு. நடுங்குறவன் பொழச்சிக்குவான். நடுக்கம் நின்னு போச்சுன்னாதான் பயப்படணும்."

"இங்க என்னா பனியா கொட்டுது லா, அண்ணே?" என்பேன். பிள்ளை சுமந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணி சிரிப்பார். அண்ணனுக்குக் கோபமே வராது. "லேடாங் மலை மேல ரெண்டு நாள் மழையில நின்னு பாரு, அப்ப தெரியும்" என்பார்.

அந்த வருடக் கடைசியில் அதே லேடாங் மலையில் மூன்று வார வேலை வந்தது. கிளம்புவதற்கு முதல் நாளே பையைக் கட்டி, கம்பளியை எண்ணெய்த் துணியில் சுற்றி அடியில் வைத்துவிட்டார். காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில், நான் சுட்டு வைத்திருந்த முறுக்கு டின்னை அதற்குள் நுழைக்கப் பார்த்தேன். இடமில்லை. கம்பளியை உருவி என் பாய்ச்சுருளுக்குள் சொருகினேன். மனம் கொஞ்சம் உறுத்தியது. அதற்கு ஈடாக, அண்ணியின் பிள்ளைப்பேற்றுக்கென்று அப்பா வாங்கி வைத்திருந்த பிராந்தியில் பாதியை இருமல் மருந்துப் போத்தலில் ஊற்றிப் பைக்குள் வைத்தேன். பிள்ளை பெற்றவளுக்குச் சூடு தருவது மலையில் நிற்பவருக்குத் தராதா? அவ்வளவு பெரிய கெட்டிக்காரி நான். அண்ணன் பையைத் தூக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி கனக்குதே" என்றார். என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் அவரைத் தூக்கி வந்தார்கள். விடாத மழையில் மலையாறு பெருகி, இறங்க வழியில்லாமல், அவரும் கூட வேலை செய்த மலாய்க்காரரும் ஒரு பாறையடியில் ஒதுங்கியிருந்தார்களாம். அந்த மலாய்க்காரரை நான் அபாங் என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் என்று அர்த்தம். அவர் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்: "அவன் பாஜு பானாஸ் ஆத்தைத் தாண்டும்போது தண்ணியோட போயிடுச்சு." கம்பளிச் சட்டையைத்தான் அப்படிச் சொன்னார். "ஆறு கொண்டு போயிடுச்சா" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அடுத்த அறையில், என் பாய்ச்சுருளுக்குள், அது பத்திரமாக இருந்தது.

அபாங் கிளம்பியபோது பின்னாலேயே ஓடினேன். ஏன் பொய் சொன்னார் என்று கேட்கத்தான். அவராகவே மலாயில் மெதுவாகச் சொன்னார்: "பையில் கம்பளியைத் தேடினான். டின்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். 'என் தங்கச்சி வேலை' என்றான். முறுக்கை இரண்டு பேரும் தின்றோம். பிராந்தி எனக்கு ஆகாது, எங்கள் மார்க்கத்தில் விலக்கு. அவனே குடித்தான். சூடாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அப்போது என் கையைப் பிடித்து, 'வீட்டில் கேட்டால் ஆற்றில் போய்விட்டது என்று சொல், அவள் சின்னப் பிள்ளை' என்றான்." காலி டின்னை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

பிராந்தி குடித்தவனுக்குச் சூடு ஏறுவதுபோல் தோன்றும், உண்மையில் உடம்பின் சூடு வெளியேறும் என்று பல வருடம் கழித்து ஒரு டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். எடுத்ததும் நான். வைத்ததும் நான். அதற்குப் பிறகு என்னால் முறுக்கு சுட முடிந்ததில்லை.

அண்ணன் இறந்த பத்தாம் நாள் மகன் பிறந்தான். அண்ணி ஆற்றைத்தான் குற்றவாளியாக்கி வைத்திருந்தார். மலாக்கா ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைப்பேன். கோழை, சொல்லவில்லை.

போன மாதம் அண்ணனின் பேத்தி குளிர் நாட்டுக்குப் படிக்கக் கிளம்பினாள். பண்டார் ஹிலிர் கடையில் வாங்கிய கம்பளிகளை அண்ணி என் கட்டிலில் பரப்பிக் காட்டினார். "உங்க அண்ணன் கையில இப்படி ஒண்ணு தங்கியிருந்தா..." என்றார். என்னால் தாங்க முடியவில்லை. அலமாரியைத் திறந்தேன். முறுக்கையும் பிராந்தியையும் அண்ணன் சொல்லச் சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன்.

அண்ணி திட்டவில்லை. அழவும் இல்லை. சட்டையின் கைகளை, கழுத்தை, அடி ஓரத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"ஒரு சொட்டுகூட நனையலியே, பாப்பா" என்றார்.