படத்தில் தெரியாத அடிப்பாகம்

கோலாலம்பூர் கடை ஒன்றின் படப் புத்தகத்தைப் பார்த்து, தபாலில் மலிவாகத் துணிமணி வாங்கும் பழக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பரவியிருந்த சமயம். கொழுந்து பறிக்கும் என் மனைவி சரசுவுக்கு நானும் காலுக்கு ஒரு ஜோடி நீலச் சப்பாத்து வரவழைத்தேன். பொட்டலம் வந்த மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்கு வந்தாள்.

மழை பெய்து சரிவு ஈரமாக இருந்தது. நான் மேல் வரிசையில் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று சரசு கூடையோடு வழுக்கி, கீழே லாரிப் பாதையை நோக்கிச் சரிந்தாள்.

“செடியப் புடி, சரசு!” என்று கத்தினேன்.

விளிம்பிலிருந்த கடைசிச் செடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். அவளுக்குக் கீழே காய்கறி லாரி ஒன்று கடந்து போனது.

ஓடிப்போய்த் தூக்கி உட்காரவைத்தோம். பக்கத்து வரிசை மாரியாயி, “டவுன் சப்பாத்து ரோட்டுக்குத்தான்லா அண்ணே, மலைக்கு எதுக்கு?” என்றார்.

சரசு ஒரு சப்பாத்தைக் கழற்றி என் முன் கவிழ்த்தாள். நாங்கள் வழக்கமாகப் போடும் ரப்பர் சப்பாத்தின் அடியில் மண்ணைக் கவ்வும் குமிழ்கள் இருக்கும். இதன் அடியோ தட்டு போல வழவழப்பாக இருந்தது.

“படத்துல இந்தப் பக்கத்தக் காட்டுனாங்களா?” என்று கேட்டாள்.

சட்டைத் துணியை இன்றும் தபாலில் வாங்குகிறோம். சப்பாத்துக்கு மட்டும் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் இருக்கும் கடைக்குச் சரசுவையே அழைத்துப் போகிறேன். அவள் அடியைத் தடவிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான், மேலே என்ன நிறம் என்று நான் பார்க்கிறேன்.